நஷ்டத்தை யார் தாங்குவது?

வ.உ. சிதம்பரம் பிள்ளை என்றதும் நம் மனத்தில் எழுவது கோவைச் சிறையின் செக்கு. அடுத்தது, கப்பல் இல்லாமல் ஊர் திரும்புவதில்லை என்று அவர் பம்பாய்க்குப் புறப்பட்ட கதை. 1961இல் பி.ஆர். பந்துலு எடுத்த படத்துக்குப் பிறகு இவை இரண்டும் சிவாஜி கணேசனின் முகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. தியாகத்தின் கதையாக அது நிறைவானது. தொழிலின் கதையாக அதில் பாதிக்கு மேல் விட்டுப்போயிருக்கிறது. ஒரு நடைக்கு எவ்வளவு நிலக்கரி எரியும், பாதி காலியாகப் போனால் யார் கையைக் கடிக்கும், எதிராளி கட்டணத்தைக் குறைத்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்க முடியும் என்பதெல்லாம் வெண்திரைக்கு ஏற்ற சங்கதிகள் அல்ல. ஆனால் தூத்துக்குடியின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி வாழ்ந்ததும் செத்ததும் இந்தக் கேள்விகளுக்குள்தான். அந்தக் கம்பெனியின் வீழ்ச்சியை அரசாங்கத்தின் கொடுமை என்ற ஒரே வரியில் முடித்துவிடுவதால் வ.உ.சி.யின் துணிவு எந்த வகையைச் சேர்ந்தது என்பதையே நாம் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறோம். அவருக்கு முன்னும் பின்னும் வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிகளோடு மோதிய இரண்டு இந்தியர்களை அவர் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மூவருக்கும் நெஞ்சுரம் ஏறக்குறைய ஒன்றுதான். பிழைத்தவரையும் வீழ்ந்தவரையும் பிரித்தது, எத்தனை பேர் தங்கள் சரக்கையும் பணத்தையும் நஷ்டக் காலம் முழுவதற்கும் ஒப்புக்கொடுத்திருந்தார்கள் என்பது.

முதலில் அந்தக் காலத்துக் கப்பல் தொழிலின் சூட்சுமத்தைச் சொல்லியாக வேண்டும். நீராவிக் கப்பலுக்குச் செலவு பெரும்பாலும் நிலையானது. கரி, மாலுமிகளின் சம்பளம், துறைமுகக் கட்டணம், காப்பீடு எல்லாம் கப்பல் நிறைந்து போனாலும் காலியாகப் போனாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆகவே ஆளும் சரக்கும் கொஞ்சம் குறைந்தாலே லாபம் போய்விடும். இன்னும் கொஞ்சம் குறைந்தால் முதலே கரையும். பழைய கம்பெனிகள் இந்த உண்மையை ஆயுதமாக்கின. ஒரு பாதையில் புதியவன் நுழைந்தால் அந்தப் பாதையில் மட்டும் கட்டணத்தைத் தரைமட்டமாக்கி, மற்றப் பாதைகளின் லாபத்தைக் கொண்டு அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவார்கள். இரண்டாவது ஆயுதம் இன்னும் நுட்பமானது. வணிகர் கட்டிய கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகச் சொல்வார்கள்; ஆனால் உடனே தரமாட்டார்கள். குறித்த காலம் முழுவதும் வேறு கப்பலில் ஒரு மூட்டைகூட ஏற்றாமல் இருந்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். வணிகரின் பணமே வணிகருக்குக் கால்கட்டு. 1877இல் கல்கத்தா பாதையில் தொடங்கிய இந்த ஏற்பாடு பிறகு உலகத்தின் பல துறைமுகங்களுக்குப் பரவியது. இதைப் பற்றிய புகார்கள் பெருகி, பிரிட்டிஷ் அரசே 1906இல் கப்பல் கம்பெனிகளின் கூட்டணிகளை விசாரிக்க ஒரு ராயல் கமிஷனை அமைத்தது. தூத்துக்குடியில் சுதேசிக் கம்பெனி பதிவானதும் அதே ஆண்டில்தான்.

இந்த ஆயுதங்களை முதலில் நேருக்கு நேர் சந்தித்த இந்தியர்களில் ஜாம்ஷெட்ஜி டாடா முக்கியமானவர். பம்பாயிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போன நூலையும் பஞ்சையும் ஏற்றும் தொழில் பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் தலைமையில் இருந்த கூட்டணியின் கையில் இருந்தது. 1893இல் டாடா ஜப்பானுக்கே போய், நிப்பான் யூசென் கைஷா என்ற ஜப்பானியக் கம்பெனியோடு உடன்பாடு செய்துகொண்டார். தானும் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தி 'டாடா லைன்' தொடங்கினார். பி அண்ட் ஓ பத்தொன்பது ரூபாயாக இருந்த டன் கட்டணத்தை ஒன்றரை ரூபாய் அளவுக்கு இறக்கியது. டாடாவின் கப்பலை நாடாதவர்களுக்குத் தனிச் சலுகையும் கொடுத்தது. முதலில் ஆதரவு சொன்ன பம்பாய் வணிகர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். டாடா வெகு சீக்கிரம் கடையைக் கட்ட நேர்ந்தது. கவனிக்க வேண்டியது இதற்குப் பின் நடந்தது. அதே பாதையில் அதே எதிரியோடு அதே போரில் இறங்கிய ஜப்பானியக் கம்பெனி வீழவில்லை. ஜப்பானின் நூற்பாலைச் சங்கத்தார் தங்கள் பஞ்சு முழுவதையும் அதன் கப்பல்களிலேயே கொண்டுவருவதாக ஒப்பந்தம் செய்திருந்தார்கள். எதிராளி இலவசமாகக் கொண்டுவந்து போட்டாலும் அவர்கள் மாறவில்லை. கம்பெனியின் முதுகுக்குப் பின்னால் ஜப்பானிய அரசின் மானியமும் இருந்தது. 1896இல் பி அண்ட் ஓ இறங்கிவந்து அதற்கு இடம் கொடுத்தது. டாடாவைவிட அந்தக் கம்பெனியின் மேலாளர்கள் தைரியசாலிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டாடாவின் வாடிக்கையாளர் வாய்வார்த்தை தந்தார்கள்; அவர்களுடைய வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தப் பின்னணியில் தூத்துக்குடிக்கு வருவோம். பாம்பன் பாலம் இல்லாத காலம் அது. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் இலங்கை போகிறவர்களுக்குத் தூத்துக்குடியே வாசல். துறைமுகத்தில் ஆழம் இல்லை. பெரிய கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் தோணிகளிலும் சிறிய நீராவிப் படகுகளிலும் போய் ஏறவேண்டும். கொழும்புப் பாதை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் (பி.ஐ.) கம்பெனியின் ஏகபோகம். வில்லியம் மக்கின்னன் 1856இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடத் தொடங்கிய நிறுவனம் வளர்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களோடு, அரசின் தபால் ஒப்பந்தங்களோடு இந்தியப் பெருங்கடல் முழுவதும் வேர்விட்டிருந்தது. அதன் எதிரே, ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் வக்கீல் தொழில் பார்த்த முப்பத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் 1906 அக்டோபரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். கப்பலோட்டும் கல்வியை நம்மவர்க்குக் கற்பிப்பது, கப்பல் கட்டும் துறைகள் அமைப்பது எல்லாம் கம்பெனியின் நோக்கங்களில் இருந்தன.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்று பெரிய முதலீட்டாளர் பத்துப் பேரைப் பிடித்து ஒரு கம்பெனியைத் தொடங்குவது சுலபமான வழி. வ.உ.சி. அதோடு நிற்கவில்லை. 25 ரூபாய் என்பது ஏழையின் பணம் அல்ல. ஆனால் சிறு வியாபாரியும் பள்ளி ஆசிரியரும் குமாஸ்தாவும் கூட்டிச் சேர்த்தால் எட்டக்கூடிய பணம். பங்கு வாங்கியவன் அந்தக் கப்பலில் சரக்கு ஏற்றுவான், ஏறிப் போவான், தன் உறவையும் ஏறச் சொல்வான் என்பது கணக்கு. ஜப்பானில் ஆலைச் சங்கம் ஒப்பந்தத்தால் செய்ததை இங்கே பங்குப் பத்திரத்தாலும் சுதேசி உணர்ச்சியாலும் செய்யப் பார்த்தார் என்று சொல்லலாம். ஏமாந்த கனவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. எதிரியின் ஆயுதம் எது என்று தெரிந்த ஒருவர் அதற்கு எதிரான கவசத்தைத் தன் ஊரில் கிடைத்த பொருளைக் கொண்டு செய்த முயற்சி அது.

போர் உடனே தொடங்கிவிட்டது. கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் என்ற பம்பாய் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனியின் நெருக்குதலில் ஷா லைன் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இலங்கையிலிருந்து வேறு கப்பலை அமர்த்தி இடைவெளியை நிரப்பிக்கொண்டு, சொந்தக் கப்பல் வாங்க வ.உ.சி. வடக்கே போனார். 1907 மே மாதம் 'காலியோ', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்தன. 'காலியோ'வில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாதாரணப் பயணிகள் போகலாம். பாரதியின் 'இந்தியா' பத்திரிகை அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது. கட்டணம் சரிந்தது. பி.ஐ. ஒரு ரூபாய்க்கு இறக்கியது, சுதேசி அரை ரூபாய்க்குப் போனது, கடைசியில் பி.ஐ. இலவசமாக ஏற்றிக்கொண்டு, ஏறுகிறவனுக்குக் குடையும் கொடுத்தது என்று வரலாற்று நூல்கள் பலவும் சொல்கின்றன. குடை உண்மையோ, ஊர்வாயில் முளைத்ததோ, அதன் பின்னால் உள்ள கணக்கு உண்மைதான்: நூறு கப்பல் வைத்திருப்பவனுக்கு ஒரு பாதையின் நஷ்டம் செலவுக் கணக்கில் ஒரு வரி, இரண்டு கப்பல் வைத்திருப்பவனுக்கு அதுவே முழுக் கணக்கு.

இந்த இடத்தில் வழக்கமான சித்திரங்களில் விடுபட்டுப்போகும் ஒரு சங்கதி உண்டு. கொழும்புக் கப்பலில் சாதாரண வகுப்பில் போனவர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள். கங்காணி கூட்டிச் செல்வார். 1900களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாட்டின்படி ஆளுக்கு ஒரு தகர வில்லை கொடுத்து, வழிச்செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் அவர்களைத் தங்கவைக்க முகாமே இருந்தது. எந்தக் கப்பலில் ஏறுவது என்பது அந்தப் பயணியின் விருப்பமாக இல்லை. அவனுக்கு மேலே வெள்ளைக்காரத் துரைமார்களும் இலங்கை அரசும் இருந்தார்கள். சுதேசி உணர்ச்சி மளிகை வியாபாரியைத் தொடலாம், வக்கீலைத் தொடலாம். தகர வில்லையைத் தொட முடியாது. அந்தப் பாதையின் மிகப் பெரிய வாடிக்கையாளர் கூட்டம் தொடக்கத்திலிருந்தே எதிரியின் கையில் இருந்தது என்பதுதான் கம்பெனியின் ஆழமான பலவீனம். இதற்கு எந்த வீரமும் மருந்தாக முடியாது. வேறு பாதைகளும் வேறு சரக்குகளும் வேண்டும். அதற்கு மேலும் மூலதனமும் காலமும் வேண்டும். இரண்டுமே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு உடனே எழும் மறுப்பு நியாயமானது. கம்பெனியைக் கொன்றது கட்டணமா, காவல்துறையா? 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடியின் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்றார்கள், தொழிலாளர் வென்றார்கள். மார்ச் 12இல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நான்கு பேர் சாவு. ஜூலையில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீடுகளில் அது ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கம்பெனி இல்லை. 1911இலேயே கலைக்கப்பட்டு, கப்பல்கள் விற்கப்பட்டிருந்தன. கால வரிசையைப் பார்த்தால் தீர்ப்பு எழுதுவது சுலபம். ஆனால் கைதுக்கும் கலைப்புக்கும் இடையே மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. அந்த மூன்று ஆண்டுகளில் கம்பெனிக்குத் தலைவர் இருந்தார், இயக்குநர்கள் இருந்தார்கள், கப்பல்கள் இருந்தன. நஷ்டத்தைத் தொடர்ந்து தாங்க ஒப்புக்கொண்டவர்கள்தான் போதுமான அளவில் இல்லை. அரசின் கை கம்பெனியின் கழுத்தில் விழுந்தது உண்மை. அந்தக் கழுத்து ஒரே மனிதருடையதாக இருந்தது என்பதும் உண்மை. ஒரு நிறுவனத்தின் உறுதி ஒருவரின் உடம்புக்குள் அடங்கிவிட்டால், அந்த உடம்பைச் சிறையில் வைத்தாலே போதும். இதை வ.உ.சி.யின் குறையாகச் சொல்வது அநீதி; பதினேழு மாதத்தில் யாரும் இன்னொரு தலைமையை வளர்த்துவிட முடியாது. ஆனால் காரணம் என்று கேட்டால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு அவருடைய காலத்திலேயே, அவருடைய கம்பெனிக்குள்ளேயே எழுந்தது. தொழிலையும் அரசியலையும் கலந்தது தவறு, மேடை ஏறாமல் கப்பலை மட்டும் பார்த்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும் என்பது. இயக்குநர்களுக்கும் அவருக்கும் இதில் மனக்கசப்பு இருந்தது. பணம் போட்டவனின் கவலையைக் கேலி செய்யக்கூடாது. 2 லட்சம் போட்டவருக்குத் தூக்கம் வராமல் இருந்திருந்தால் அது கோழைத்தனமும் ஆகாது. ஆயினும் இந்த வாதம் ஒன்றை மறக்கிறது. அரை ரூபாய் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவன் ஏன் ஏறினான்? பக்கத்தில் இலவசக் கப்பல் நிற்கும்போது காசு கொடுத்து ஏறுகிறவன் கட்டணத்தைப் பார்த்து ஏறவில்லை. அவனை அங்கே கொண்டுவந்தது கடற்கரைக் கூட்டங்களில் பேசிய பேச்சு. மேடையை எடுத்துவிட்டால் கம்பெனியிடம் மிஞ்சுவது இரண்டே கப்பல்களும் எதிராளியைவிடக் குறைந்த பணமும்தான். அரசியல் அந்தக் கம்பெனியின் ஆபத்து, மறுக்க முடியாது. அதன் ஒரே மூலதனமும் அதுதான். கோரல் மில் விஷயத்திலும் இதைக் காணலாம். அந்த ஆலையை நடத்திய ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனமே பி.ஐ. கம்பெனியின் தூத்துக்குடி ஏஜெண்டு. ஆலைத் தொழிலாளியின் பக்கம் நின்றபோது வ.உ.சி. தொழிலை விட்டுத் திசைமாறிப் போனார் என்று சொல்வோர் எதிரே இருந்த நிறுவனம் ஒன்றே என்பதைப் பார்ப்பதில்லை.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1919இல், வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் வேறு சிலரும் பம்பாயில் சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஏப்ரல் 5 அன்று அவர்களுடைய 'லாயல்டி' கப்பல் லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாளைத்தான் இன்றும் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர்களிடம் இருந்த மூலதனம் பத்து லட்சங்களில் எண்ணக்கூடியது அல்ல, கோடிகளில் எண்ணக்கூடியது. முதல் உலகப் போர்க்காலத்தில் பருத்தியிலும் ஒப்பந்த வேலையிலும் சேர்ந்த பணம். பி.ஐ. கம்பெனி இதற்குள் பி அண்ட் ஓவோடு இணைந்து இஞ்ச்கேப் பிரபுவின் கீழ் இருந்தது. அதே கட்டணப் போர் ரங்கூன் அரிசிப் பாதையில் நடந்தது. விலைக்கு வாங்கிவிட இஞ்ச்கேப் முயன்றார்; வால்சந்த் கொடுக்கவில்லை. ஆனால் 1923இல் பத்து ஆண்டுக்கு ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்: கரையோரச் சரக்குப் போக்குவரத்தில் மட்டும், வரையறுத்த டன் அளவுக்குள் சிந்தியா நிற்கும்; வெளிநாட்டுப் பாதைக்குப் போகாது. லண்டனுக்கு முதல் கப்பலை விட்ட கம்பெனி லண்டன் பாதையையே எழுதிக்கொடுத்தது.

இது துணிவா, சரணாகதியா என்று அன்றே கேட்டார்கள். வ.உ.சி.யைப் போற்றுகிற மனத்துக்கு இந்தக் கையெழுத்து கசக்கும். என் எண்ணத்தில் இது துணிவின் இன்னொரு வகை, அதுவும் அருமையான வகை. ஏனெனில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது. கட்டணப் போரில் காலமே எதிராளியின் ஆயுதம் என்றால், காலத்தை விலைகொடுத்து வாங்குவது தோல்வி ஆகாது. வாங்கிய காலத்தில் சிந்தியா என்ன செய்தது என்பதுதான் உரைகல். கரையோரக் கப்பல் தொழிலை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கவேண்டும் என்ற கோரிக்கையைச் சட்டசபைக்குக் கொண்டுபோனார்கள், 1928இல் எஸ்.என். ஹாஜி அதற்கான மசோதாவை முன்மொழிந்தார். விசாகப்பட்டினத்தில் 1941இல் கப்பல் கட்டும் தளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1948இல் அங்கே கட்டிய 'ஜல உஷா' கடலில் இறங்கியது. தூத்துக்குடிக் கம்பெனியின் நோக்கங்களில் எழுதப்பட்டிருந்த கப்பல் கட்டும் துறை நாற்பது ஆண்டு கழித்து வேறு கம்பெனியின் கையால் நடந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் வால்சந்துக்கு அதிகப் புகழ் கொடுத்ததாகும். வால்சந்த் அரசை எதிர்த்துக் கூட்டம் கூட்டவில்லை, சிறைக்குப் போகவில்லை என்பது மட்டும் அல்ல, வ.உ.சி.யின் வழக்கும் அதன் பின்வந்த இயக்கங்களும் 1919க்குள் நாட்டின் காற்றையே மாற்றியிருந்தன. காங்கிரஸின் ஆதரவு சிந்தியாவுக்குப் பின்னால் நின்றது. 1908இல் தூத்துக்குடியில் குற்றமாக இருந்த பேச்சு 1920களில் டெல்லி சட்டசபையின் மசோதா ஆகிவிட்டது.

இன்னொரு வாதமும் இருக்கிறது, சற்று இரக்கமற்றது. கைதும் இல்லை, கட்டணப் போரும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, ரயில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஆனபின் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் பாதைக்கு என்ன மதிப்பு? சுதேசிக் கம்பெனி எப்படியும் முழுகியிருக்கும் அல்லவா? பயணிகளை மட்டும் நம்பியிருந்தால், ஆம். ஆனால் கம்பெனியின் நோக்கங்கள் கொழும்போடு முடியவில்லை; ஆறேழு ஆண்டு மூச்சு கிடைத்திருந்தால் தூத்துக்குடியின் பஞ்சும் கருவாடும் கருப்பட்டியும் போகிற துறைமுகங்களுக்கெல்லாம் அது போயிருக்க வாய்ப்பு உண்டு. பாலம் வந்தபிறகும் தூத்துக்குடியின் தோணிகள் இலங்கைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டுதான் இருந்தன. பாதை செத்தது என்ற வாதம் பயணிக்குப் பொருந்தும், சரக்குக்குப் பொருந்தாது.

வ.உ.சி. விடுதலையானபின் வக்கீல் சன்னதும் பறிபோன நிலையில் சென்னையில் சிறு வியாபாரங்கள் செய்து பிழைத்தார். பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னத்தைத் திரும்பப் பெற்று, நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். அவருக்குச் சிலைகள் உண்டு, துறைமுகத்துக்கே அவர் பெயர் உண்டு. 25 ரூபாய் போட்டு இழந்தவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அவர்கள் யார், எந்த ஊர், எந்தச் சாதி, எத்தனை பேர் இரண்டாம் முறை பணம் கேட்டபோதும் கொடுத்தார்கள் என்பதை யாராவது பங்கேடுகளிலிருந்தும் அன்றைய பத்திரிகைகளிலிருந்தும் எடுத்து எழுதினால், அந்தக் கம்பெனி எந்த மாதத்தில் உள்ளுக்குள் தோற்றது என்பதை அரசாங்கத்தின் கோப்புகளைவிட அது நன்றாகச் சொல்லும்.